சிறு கப்பலில் கரீபியன் தீவுகள்: கரைச் சுற்றுலா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்படோஸின் பிரிட்ஜ்டவுனில் கிளம்பி, செயின்ட் லூசியா, டொமினிக்கா, குவாதலூப், மார்ட்டினிக், கிரெனடா என்று கிழக்குக் கரீபியனைச் சுற்றும் சிறு கப்பல்களில் இரண்டு முறை போயிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு முறை பெரிய கப்பலில். இரண்டாவது பயணத்தில் எழுபது வயது தாண்டிய அம்மாவும் கூட வந்தார். தெரிந்தவர்கள் யாராவது கிளம்பும்போது "கரையில் எதைப் பார்ப்பது, எதை முன்பதிவு செய்வது?" என்று கேட்பார்கள். அவர்களுக்குத் தனித்தனியாக எழுதி அனுப்பிய பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சிறு கப்பல் என்றால் எவ்வளவு சிறியது?

நூறு பேரிலிருந்து முந்நூற்றைம்பது பேர் வரை ஏறும் கப்பல்களைத்தான் சொல்கிறேன். பார்படோஸிலிருந்து கிளம்பும் ராயல் கிளிப்பர் என்ற ஐந்து பாய்மரக் கப்பலில் 227 பயணிகள். மூவாயிரம், நாலாயிரம் பேரை ஏற்றும் கப்பலுக்கு ஆழமான துறைமுகமும் நீளமான மேடையும் வேண்டும். அதனால் அது பெரும்பாலும் தலைநகரங்களுக்குத்தான் போகும். சிறு கப்பலோ ஒரு மீன்பிடி கிராமத்துக்கு முன்னால் நங்கூரம் போட்டுவிட்டு, டெண்டர் என்கிற சின்னப் படகில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோய்விடும். கரைச் சுற்றுலாவில் வரும் வித்தியாசம் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது? எல்லாத் தீவுக்கும் "பார்க்க வேண்டிய பத்து இடங்கள்" பட்டியல் எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கப்பல் எந்தத் தீவுக்குப் போகிறது என்பதை விட, அந்தத் தீவில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். பயணத் திட்டத்தில் "செயின்ட் லூசியா" என்று மட்டும் போட்டிருந்தால் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்: கேஸ்ட்ரீஸா, ராட்னி பேயா, சூஃப்ரியேரா?

நான் இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் முறை, பெரிய கப்பலில் போனபோது, கேஸ்ட்ரீஸ் துறைமுகத்தில் இறங்கினோம். பிட்டன் மலைகளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வேனில் இடம் பிடித்தோம். மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு. போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வழியில் இரண்டு கடைகளில் நிறுத்தினார்கள். சூஃப்ரியேர் ஊருக்கு மேலே உள்ள காட்சி முனையில் எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். பின்சீட்டில் ஒரு குழந்தைக்கு வாந்தி. திரும்பும்போது கப்பலைப் பிடிப்போமா என்ற கவலையில் யாரும் பேசவில்லை.

அடுத்த முறை சிறு கப்பல் நேராக சூஃப்ரியேர் விரிகுடாவிலேயே நின்றது. காலையில் திரையை விலக்கினால், இரண்டு பிட்டன்களில் சிறியதான பெட்டி பிட்டன் கண்ணெதிரே. சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் வெந்நீர் ஊற்றுகள், டைமண்ட் அருவி எல்லாம் படகுத்துறையிலிருந்து சில நிமிட வண்டித் தூரம். அதே தீவுதான், ஆனால் வேறு நாள்.

ஆகவே முதல் வேலை: நிற்கும் இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே இறங்கும் நேரம், கடைசி டெண்டர் நேரம். பிறகு வரைபடத்தில் அந்தப் படகுத்துறையைச் சுற்றி முக்கால் மணி நேர வண்டித் தூரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு வெளியே இருப்பதை, எவ்வளவு பெயர் பெற்ற இடமாக இருந்தாலும், ரொம்ப யோசித்துத்தான் சேர்க்க வேண்டும்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவா, நாமே ஏற்பாடு செய்துகொள்வதா?

எதற்கு எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த தீவுக்கு நம் செலவில் போய்ச் சேர வேண்டும், அந்தத் தீவுகளுக்கு நடுவே தினமும் விமானமோ படகோ இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான். வண்டி வழியில் பழுதாகி நின்றால் நடந்தோ வேறு டாக்சி பிடித்தோ ஒரு மணி நேரத்தில் படகுத்துறைக்கு வர முடியுமா? முடியும் என்றால் சொந்த ஏற்பாடு. மலைக்கு அந்தப் பக்கம், ஒரே ஒரு சாலை, கைபேசிச் சிக்னல் இல்லை என்றால் கப்பலின் சுற்றுலா. நாள் முழுக்க மலையேற்றம், நடுக்கடலுக்குப் போகும் திமிங்கிலப் படகு இரண்டையும் கப்பல் மூலமாகத்தான் எடுப்பேன். கடற்கரை, ஊர் சுற்றல், பக்கத்து அருவி, தாவரவியல் தோட்டம் இதற்கெல்லாம் கப்பலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு டாக்சி பேசினால் தலைக்குக் கணிசமாகக் குறையும்.

எவ்வளவு முன்னால் பதிவு செய்ய வேண்டும்? கப்பலில் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

சிறு கப்பலில் கூட்டம் குறைவுதானே, இடம் கிடைக்கும் என்று நினைப்போம். நடப்பது அதற்கு நேர்மாறு. பன்னிரண்டு பேர் மட்டும் போகக்கூடிய படகு, பத்துப் பேருக்கு ஒரு வழிகாட்டி என்ற மலையேற்றம், இவையெல்லாம் சட்டென்று நிரம்பிவிடும். இந்த மாதிரி எண்ணிக்கைக் கட்டுப்பாடு உள்ளவற்றை இணையத்தில் பதிவு திறந்தவுடனே எடுத்துவிடுங்கள். மற்றவற்றைக் கப்பலில் ஏறி, முதல் நாள் மாலை நடக்கும் விளக்கக் கூட்டத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். அந்தக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். எந்தப் பாதை மழையில் மூடியிருக்கிறது, எந்தக் கடற்கரையில் அலை அதிகம் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

இன்னொன்று: ஆள் சேராவிட்டால் சுற்றுலாவை ரத்து செய்வார்கள். நூற்றைம்பது பேர் உள்ள கப்பலில் இது அடிக்கடி நடக்கும். மிகவும் ஆசைப்பட்ட ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றை மனதில் வைத்திருங்கள்.

டொமினிக்காவில் ஒரே நாள். கொதிக்கும் ஏரிக்குப் போகலாமா?

முதலில் ஒரு விஷயம். டொமினிக்கா வேறு, டொமினிக்கன் குடியரசு வேறு. விமானம், விடுதி பதிவு செய்கிறவர்கள் இதில் குழம்பிப் பார்த்திருக்கிறேன்.

கொதிக்கும் ஏரி மோர்ன் துரோவா பிட்டோன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பூங்கா. எரிமலை வாயு வெளியேறும் பிளவில் தண்ணீர் நிரம்பி, சாம்பல் நிறத்தில் ஆவி பறக்கக் கொதித்துக்கொண்டிருக்கும். போய்வர ஆறு மணி நேரத்துக்கு மேல் நடை, ஏற்ற இறக்கம், சேறு, கந்தக வாடை. தலைநகர் ரோஸோவில் காலை ஏழு மணிக்கு இறங்கி மாலை ஐந்து வரை நேரம் இருந்தால், நல்ல உடல் வலு உள்ளவர்கள் வழிகாட்டியோடு போகலாம். கப்பல் வடக்கே போர்ட்ஸ்மத்தில் நின்றால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

போர்ட்ஸ்மத்தில் நின்றால் வருத்தப்பட ஒன்றும் இல்லை. எனக்கு அந்த ஊர்தான் பிடிக்கும். இந்தியன் ரிவர் என்ற ஆறு அங்கேதான் கடலில் கலக்கிறது. படகுக்கு மோட்டார் போட அனுமதி இல்லை, துடுப்பு மட்டும்தான். பாலத்தைத் தாண்டியதும் சாலைச் சத்தம் நின்றுவிடும். இரண்டு பக்கமும் மரங்களின் வேர்கள் பலகை பலகையாகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். புடவைக் கொசுவத்தை நிமிர்த்தி வைத்ததுபோல மடிப்பு மடிப்பாக. எங்கள் படகோட்டி ஒரு வேரில் துடுப்பை ஊன்றிப் படகை நிறுத்தினார். பட்டை கீறியிருந்த இடத்தில் சிவப்பாகப் பால் கசிந்து உறைந்திருந்தது. இதற்குப் பெயரே ரத்த மரம் என்றார். வேர் இடுக்கிலிருந்து ஒரு நண்டு எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. அம்மா அந்த ஒரு மணி நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கரைக்கு வந்தபின், "தாமிரபரணியில் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தது" என்றார்.

மீதி நேரத்தில் பக்கத்திலேயே கேப்ரிட்ஸ் முனையில் இருக்கும் ஷெர்லி கோட்டைக்கு நடந்து போய்விடலாம்.

திமிங்கிலம் பார்க்க ஆசை இருந்தால் அதற்கும் டொமினிக்காதான் இடம். கரையை ஒட்டியே கடல் மிக ஆழமாக இறங்குவதால் ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் ஆண்டு முழுக்க அங்கே இருக்கின்றன. 2023இல் அவற்றுக்காகவே ஒரு கடல் காப்பகத்தை அந்த நாட்டு அரசு அறிவித்தது.

செயின்ட் லூசியாவில் பிட்டன் மலை ஏற முடியுமா?

இரண்டில் உயரமான குரோ பிட்டன், சுமார் 770 மீட்டர். ஏறலாம். உள்ளூர் வழிகாட்டி கட்டாயம். ஏற இரண்டு மணி நேரம், இறங்க அதே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில்தான் முட்டி வலிக்கும், பெரிய பெரிய கல்படிகள். காலை எட்டு மணிக்குள் ஏறத் தொடங்க முடிந்தால் மட்டும் போங்கள், வெயில் ஏறிவிட்டால் பாதியில் துவண்டுவிடுவோம். அந்த அளவு முடியாதவர்களுக்கு டெட் பால் என்ற சின்ன நடைபாதை இருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம், இரண்டு பிட்டன்களும் அங்கிருந்து தெரியும். நாங்கள் அதைத்தான் செய்தோம். வழியில் மரவள்ளி, அன்னாசி, மிளகாய்ச் செடி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே கூட்டிப்போனார்கள்.

டொபேகோ கேஸ் நாளுக்கு ஏதாவது பதிவு செய்ய வேண்டுமா?

வேண்டாம். செயின்ட் வின்சென்ட் நாட்டைச் சேர்ந்த, ஆள் குடியில்லாத ஐந்து குட்டித் தீவுகள். டொபேகோ என்ற தீவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பெரிய கப்பல் உள்ளே வர முடியாத பவளப் பாறைக் கடல். சிறு கப்பல் எடுத்ததன் முழுப் பலனும் இந்த ஒரு நாளிலேயே கிடைத்துவிடும். கப்பலே படகில் கொண்டுபோய் மணலில் விட்டுவிடும். பாரடல் தீவுப் பக்கம் கடல்புல்லை மேய வரும் பச்சை ஆமைகளை முகமூடி போட்டுக்கொண்டு மேலிருந்து பார்க்கலாம். தொடாதீர்கள், துரத்தாதீர்கள், மூச்சு வாங்க மேலே வரும் ஆமைக்கு முன்னால் போய் நிற்காதீர்கள்.

பக்கத்தில் உள்ள யூனியன், மேரூ தீவுக்காரர்கள் படகில் வந்து மணலில் சமைத்துப் போடுவார்கள். 2024 ஜூலை 1ஆம் தேதி பெரில் புயல் அந்தத் தீவுகளைத்தான் நொறுக்கிப்போட்டது, யூனியனில் கூரையோடு தப்பிய வீடுகள் குறைவு. கப்பலில் சாப்பாடு இலவசம்தான். ஆனாலும் அன்றைக்கு மதியச் சாப்பாட்டை அவர்களிடம் வாங்கிச் சாப்பிடுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். சிங்கி இறாலுக்கு மே முதல் ஆகஸ்ட் வரை தடைக்காலம், அந்த மாதங்களில் கேட்காதீர்கள்.

கிரெனடாவில் எல்லாரும் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரைக்குத்தான் போகிறார்கள். வேறு என்ன?

கடற்கரை அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் கிரெனடாவின் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது, அதைப் பார்க்காமல் வரக் கூடாது. செயின்ட் ஜார்ஜஸிலிருந்து மேற்குக் கரையோரமாக வடக்கே போனால் கூயாவ் என்ற மீனவர் ஊர். அங்கே ஜாதிக்காய் பதப்படுத்தும் பழைய மரக் கட்டடம் ஒன்று உண்டு. உள்ளே நுழையும்போதே வாசனை சட்டையில் ஏறிவிடும். பெண்கள் காயைத் தரம் பிரிப்பார்கள், நல்லது ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம், கை நிற்காமல். வழிகாட்டிய அம்மையார் ஒரு பழத்தைப் பிளந்து காட்டினார். வெளியே மஞ்சள் சதை, உள்ளே பளபளக்கும் கரும்பழுப்பு ஓடு, அதன்மேல் நெய்த வலைபோலச் செக்கச்செவேலென்று ஜாதிபத்திரி. நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் பழுப்பாகச் சுருண்டு கிடக்கும் பொருளின் உயிருள்ள நிறம் அதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

2004இல் ஐவன் புயல் அந்தத் தீவின் ஜாதிக்காய் மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டது. மறுபடி நட்டுக் காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும் மரம் அது. அந்தக் கட்டடத்தில் காலியாகக் கிடக்கும் தட்டுகளைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்நார்க்கலிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு மிதந்துகொண்டே கடலடியைப் பார்ப்பது) விருப்பம் உள்ளவர்களுக்கு மொலினியர் விரிகுடாவில் 2006இல் அமைத்த கடலடிச் சிற்பப் பூங்கா இருக்கிறது. கைகோத்து வட்டமாக நிற்கும் உருவங்கள்மேல் இப்போது பவளம் வளர்ந்திருக்கிறது. தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள். மழைக்குப் பின் ஒன்றும் தெரியாது.

மார்ட்டினிக், குவாதலூப் பக்கம் தமிழர் தடயங்கள் இருக்கிறதாமே? கரைச் சுற்றுலாவில் பார்க்க முடியுமா?

இருக்கிறது. அடிமை முறையை 1848இல் பிரான்ஸ் ஒழித்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஏறியவர்களில் தமிழர்கள் நிறைய. ஒரேலி என்ற கப்பல் 1853இல் மார்ட்டினிக்குக்கும், 1854 டிசம்பர் 24ஆம் தேதி குவாதலூப்புக்கும் முதல் தொகுதியைக் கொண்டுபோய் இறக்கியது. 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் பிரெஞ்சும், கிரியோல் என்ற உள்ளூர்க் கலப்பு மொழியும் பேசுகிறார்கள், தமிழ் பேச்சு வழக்கில் இல்லை. ஆனால் மாரியம்மன் இருக்கிறாள். அங்கே பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பவர் இந்திய வம்சாவளியினருக்கு வாக்குரிமை வேண்டி 1904இல் வழக்கைத் தொடங்கி, 1923 வரை போராடினார்.

சுற்றுலாப் பட்டியலில் இதெல்லாம் பெரும்பாலும் இருக்காது, நாமேதான் போக வேண்டும். குவாதலூப்பின் காபெஸ்தேர்-பெல்-ஓ ஊரில், நெடுஞ்சாலையை ஒட்டி சாங்கி கோயில் இருக்கிறது. கோபுரச் சிற்பங்கள் சாலையிலிருந்தே தெரியும். கப்பல் பாஸ்-தேரிலோ புவான்-தா-பீத்திலோ நின்றால் டாக்சி பேசிப் போகலாம். குவாதலூப்பைச் சேர்ந்த லெ சேன்த் என்ற குட்டித் தீவுகளில் நின்றால் அதை விட்டுவிடுங்கள், இடையில் கடல் இருக்கிறது, நேரம் கட்டுப்படியாகாது.

எங்கே நின்றாலும் ஒன்று செய்யலாம். சந்தைக்குப் போய் "கொலொம்போ" பொடி கேளுங்கள். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் போட்ட மசாலா. நம் குழம்பு என்ற சொல்தான் இப்படி ஆனது என்பார்கள், முகர்ந்து பார்த்தால் நம்பத் தோன்றும். செயின்ட் லூசியா, டொமினிக்கா, மார்ட்டினிக் எங்கும் விழா நாளில் பெண்கள் கட்டும் கட்டம் போட்ட துணிக்கு இன்றும் "மதராஸ்" என்றுதான் பெயர்.

மார்ட்டினிக்கில் சேன் பியேரில் கப்பல் நிற்கும் என்று போட்டிருக்கிறது. அங்கே சுற்றுலா எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம், நடந்தே பாருங்கள். 1902 மே 8ஆம் தேதி காலை மோன் பெலே எரிமலை வெடித்துச் சில நிமிடங்களில் அந்த ஊரையே அழித்தது. சுமார் 28,000 பேர் இறந்தார்கள். நாடக அரங்கின் படிக்கட்டுகள் மட்டும் மேலேறி வெறும் வானத்தில் முடிகின்றன. பக்கத்திலேயே ஒரு கைதி உயிர் தப்பிய தடித்த சுவர்ச் சிறையறை. படகுத்துறையிலிருந்து எல்லாம் பத்துப் பதினைந்து நிமிட நடைக்குள். எரிமலை அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு மணிக்கு மேல் வெயில் கொளுத்தும், காலையிலேயே இறங்கிவிடுங்கள்.

லெ சேன்த் தீவில் நின்றாலும் காலைதான் நல்லது. மேலே இருக்கும் நெப்போலியன் கோட்டையைக் காலையில் மட்டும்தான் திறப்பார்கள். மதியம் ஏறிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எங்கள் கப்பலிலேயே இருந்தார்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி. டெண்டர் படகில் ஏறி இறங்க முடியுமா?

இதை முன்பதிவுக்கு முன்னாலேயே யோசித்தீர்களே, நல்லது. கப்பலின் பக்கவாட்டுப் படிக்கட்டில் இறங்கி, ஆடும் படகுக்குள் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். மாலுமிகள் இரண்டு பேர் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள். நாம் அவர்கள் கையைப் பிடிப்பதல்ல, அவர்கள் நம் கையைப் பிடிக்க விட வேண்டும். அலை படகைத் தூக்கும் நேரம் பார்த்து "இப்போது" என்பார்கள், அப்போது தயங்காமல் அடி வைக்க வேண்டும். என் அம்மா முதல் நாள் பயந்தார், மூன்றாம் நாள் தானே இறங்கினார். புடவையைவிடச் சல்வார் வசதி. கையில் பை எதுவும் வேண்டாம், தோளில் மாட்டிக்கொள்ளட்டும்.

சில இடங்களில் படகுத்துறையே இருக்காது. முழங்கால் அளவுத் தண்ணீரில் குதித்து மணலுக்கு நடக்க வேண்டும். எந்தெந்த நாள் அப்படி என்று நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் அம்மா கப்பலிலேயே ஓய்வெடுக்கலாம். சக்கர நாற்காலி முழுநேரமும் தேவைப்படுகிறவர்களுக்கு இந்த வகைக் கப்பலை நான் சொல்ல மாட்டேன்.

நீச்சல் தெரியாது. ஸ்நார்க்கலிங் வீணா?

இல்லை. மிதவை அங்கி கேட்டால் கொடுப்பார்கள். படகிலிருந்து நடுக்கடலில் குதிக்கும் சுற்றுலாவை எடுக்காமல், மணலிலிருந்து நடந்தே இறங்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு முகத்தை மட்டும் உள்ளே வைத்து மூச்சு விடப் பழகுங்கள், பத்து நிமிடத்தில் பயம் போய்விடும். முழுக்கைச் சட்டை, முழங்கால் மறைக்கும் கால்சட்டை போட்டு இறங்குவது அங்கே சாதாரணம். முதுகு வெயிலில் வேகாமல் இருக்கவும் அதுதான் நல்லது.

டாக்சியில் ஏமாற்றுவார்களா? எந்தப் பணம் கொண்டுபோவது?

ஏமாற்றுவதைவிடக் குழப்பம்தான் அதிகம். செயின்ட் லூசியா, டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா நான்கிலும் கிழக்குக் கரீபியன் டாலர் ஓடுகிறது. 1976 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாக இருக்கிறது. ஓட்டுநர் "நூறு டாலர்" என்றால் எந்த டாலர் என்று ஏறும் முன்பே கேளுங்கள். ஆளுக்கா, வண்டிக்கா? போக மட்டுமா, காத்திருந்து திரும்பவும் சேர்த்தா? இந்த மூன்றையும் கேட்டுவிட்டால் பிறகு சண்டை இல்லை. பணத்தைப் படகுத்துறைக்குத் திரும்பிய பிறகு கொடுங்கள். பார்படோஸுக்குத் தனி டாலர், அமெரிக்க டாலருக்கு இரண்டு. பிரெஞ்சுத் தீவுகளில் யூரோ. ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகள் நிறைய வைத்திருங்கள்.

பேச்சைத் தொடங்கும் விதமும் முக்கியம். கடைக்குள் நுழைந்ததும் "எவ்வளவு?" என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். முதலில் காலை வணக்கம் சொல்ல வேண்டும், பிரெஞ்சுத் தீவுகளில் "போன்ஷூர்". அதைச் சொல்லிவிட்டால் அவர்களே வழிகாட்டிக் கூட்டிப்போவார்கள்.

உடை, பொருள் என்று ஏதாவது கவனிக்க வேண்டியது?

ராணுவப் பச்சைப் புள்ளிகள் போட்ட உடை, தொப்பி, பை எதுவும் வேண்டாம். பார்படோஸ், செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா, டொமினிக்காவில் அது சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும்தான். கடற்கரையில் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய் காய்க்கும் மஞ்சினீல் மரம் உண்டு. கடும் விஷம். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். மழை பெய்தால் அதன் அடியில் ஒதுங்காதீர்கள், இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே தோலைக் கொப்புளமாக்கிவிடும். தண்ணீரில் நனைந்தாலும் பரவாயில்லாத செருப்பு ஒரு ஜோடி அவசியம்.

சைவச் சாப்பாடு கரையில் கிடைக்குமா?

கிடைக்கும், கேட்கத் தெரிய வேண்டும். கொண்டைக்கடலையும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிய ரொட்டி பல தீவுகளில் உண்டு. ராஸ்தஃபாரி என்ற சமயத்தார் நடத்தும் "ஐட்டல்" (அவர்களின் இயற்கை உணவு) கடை கண்ணில் பட்டால் நுழைந்துவிடுங்கள், பயறு, கீரை, கிழங்கு, தேங்காய்ப்பால். உப்பு குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். சுட்ட சீமைப்பலாவை விடாதீர்கள், ஈழத்தவர்கள் ஈரப்பலா என்பார்களே அதுதான். 1793இல் கேப்டன் பிளை செயின்ட் வின்சென்டுக்குக் கொண்டுவந்து இறக்கிய மரம். கலலூ என்ற கீரை சூப்பில் நண்டோ உப்பிட்ட இறைச்சியோ போடுவதுண்டு, விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கப்பல் ஒரு தீவில் நிற்காமலே போய்விட்டால்?

நடக்கும். மேடையில் கட்டாமல் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்கு அலை பெரிதானால் டெண்டர் இறக்க முடியாது. டிசம்பர் கடைசி, ஜனவரியில் "கிறிஸ்துமஸ் காற்று" என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் பலமான வடகிழக்குக் காற்று அடிக்கும். கப்பலின் சுற்றுலாவாக இருந்தால் பணம் திரும்பி வரும். தனியாகப் பதிவு செய்தால், "கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தருகிறோம்" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுப்பவர்களிடம் முன்பணம் கட்ட வேண்டாம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், கட்டணம் குறைவு என்று அந்த மாதங்களில் எடுத்தால் பயணக் காப்பீடும் சேர்த்து எடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு. விசா?

பார்படோஸ், டொமினிக்கா, கிரெனடாவுக்குக் குறுகிய சுற்றுலா என்றால் முன்கூட்டி விசா தேவையில்லை. சிக்கல் பிரெஞ்சுத் தீவுகளில்தான். குவாதலூப்பும் மார்ட்டினிக்கும் பிரான்சின் பகுதிகள், ஆனால் பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள் வராதவை. வெறும் ஷெங்கன் விசாவை நம்பிப் போகாதீர்கள், அந்தத் தீவுகளுக்குச் செல்லும் விசாவாகக் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்கா வழியாக விமானம் மாறினால் அதற்கும் விசா வேண்டும். நிற்கும் நாடுகள் ஒவ்வொன்றின் விதியையும் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு நாட்டுக்கு விசா இல்லாவிட்டால் கப்பலிலேயே ஏற்ற மாட்டார்கள்.

ஏழு நாளுக்கு ஏழு சுற்றுலா எடுக்கலாமா?

மூன்று போதும். எனக்கென்றால் டொமினிக்காவில் ஒன்று, செயின்ட் லூசியாவில் ஒன்று, கிரெனடாவில் ஜாதிக்காய்க்கு ஒரு டாக்சி. மீதி நாள் காலியாக இருக்கட்டும்.

செயின்ட் வின்சென்ட் நாட்டின் பெக்வே தீவில் எங்களுக்கு ஒரு திட்டமும் இல்லை. டெண்டர் இறங்கியதும் தண்ணீரை ஒட்டியே போகும் பெல்மாண்ட் நடைபாதையில் பிரின்சஸ் மார்கரெட் கடற்கரை வரை நடந்தோம். திரும்பும் வழியில் மாதிரிப் படகு செய்யும் பட்டறை ஒன்று திறந்திருந்தது. உள்ளே ஒரு பெரியவர் கையளவு மரக்கட்டையை இழைத்துக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னோம், ஸ்டூலை இழுத்துப் போட்டார். என் கணவர் அங்கே உட்கார்ந்தவர் கடைசி டெண்டருக்கு அரை மணி முன்புதான் எழுந்தார். அந்த நேரத்துக்குள் கட்டைக்கு முன்பக்கம் கூர்மை வந்திருந்தது, பின்பக்கம் இன்னும் சதுரமாகவே இருந்தது.